கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்

அவர் எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். இதில் என்ன இருக்கிறது, எல்லாரும் செய்வதுதானே என்று தோன்றும். அவர் செய்ததுபோல் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செனாயில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். நான் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். மதியம் கேன்டீனில் சாப்பிட்டு முடித்து, தட்டை வைத்துவிட்டு வந்து, எங்கள் மேசை ஓரத்தில் நின்று விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். "நான் கெளம்புறேன். ஸ்டோருக்குத்தான் போறேன்" என்பார். தொண்டையில் மணல் சிக்கிக்கொண்டது போன்ற குரல். யாராவது போனைப் பார்த்தபடியே "ம்ம்" என்றால் போகமாட்டார். "மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்கப்பா" என்று அங்கேயே நிற்பார். ஒருவராவது நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, "சரிண்ணே, போங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஸ்டோர் அங்கிருந்து முப்பது அடி தூரம்தான்.

கழிப்பறைக்குப் போனாலும் இதே கதை. எங்கள் சூப்பர்வைசர் ஒரு சீன அம்மா. "பெர்கி லா அங்கள், பெர்கி" என்று கையை வீசி விரட்டுவார். போங்க, போங்க என்றுதான் அதற்கு அர்த்தம். விரட்டினாலும் முகத்தைப் பார்த்து விரட்டியதால் அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஒருமுறை கம்பெனிப் பெண் ஒருத்திக்குப் பக்கத்து ஊரான ரெங்கத்தில் கல்யாணம். கோயில் மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர் போட்டோ எடுக்க நின்றவர்களின் வரிசையில் பொறுமையாக நின்று, மேடையேறி, மணப்பெண்ணிடம் "நான் கெளம்புறேன்மா" என்றார். பிறகு பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். பந்தியில் சாம்பார் ஊற்றியவரைத் தேடிப்போய் அவரிடம் சொன்னார். வெளியே கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு நின்ற நேப்பாளக்கார ஜாகாவிடமும் சொன்னார். ஜாகாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அவர் என் காடியில்தான் வந்திருந்தார், என்னோடுதான் திரும்ப வேண்டும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியபின் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நான் ஏறிட்டேன்."

"பாத்தேன்ணே" என்றேன்.

கம்பெனியில் சிலர் அவரைப்போல மேசையைத் தட்டி, குரலைக் கரகரப்பாக்கிப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவர் ஏன் இப்படி என்று பழையவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். "படகுலேர்ந்து கடல்ல விழுந்துட்டாரு. தண்ணி மூளைக்கு ஏறிருச்சு." சிரிப்பு அந்த இடத்தில் நின்றுவிடும். அந்தப் படகில் நானும் இருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் நான் இருக்கும்போது அதற்குமேல் பேசமாட்டார்கள்.

அதற்கு முன் அவர் இப்படி இல்லை. அதற்கு நேர் எதிர். பதினொரு வருடமாக அந்த ஸ்டோரில் இருந்தார். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போது திரும்பினால் ஆள் இருக்கமாட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் அவர் இருந்தபோதும் யாரும் அவரிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செனாய் பசாருக்குப் பின்னால், கடைவீட்டின் மாடியில் ஓர் அறை. ஆயர் ஈத்தாமில் அக்கா ஒருவர் இருந்தார், சாலையோரத்தில் பூச்சட்டி விற்பவர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கே போவார். எனக்குத் தெரிந்து அவருக்குப் போக இருந்த வீடு அது ஒன்றுதான்.

அவரை மீன் பிடிக்கக் கூப்பிட்டது நான்தான். கம்பெனி நண்பர்கள் எட்டுப்பேர் மெர்சிங்கில் படகு அமர்த்தியிருந்தோம். கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போனது. ஸ்டோருக்கு ஏதோ வேலையாகப் போனவன், "அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்களேன், ஒரு ஆள் கொறையுது" என்றேன். கேட்டது ஒரு பேச்சுக்குத்தான். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நானா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புதுத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நாங்கள் போவதற்கு முன்பே சாலையில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று பகல் முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மீன் பிடிக்கத் தெரியாது. எங்களுக்கெல்லாம் தூண்டிலில் இறால் குத்திக் கொடுத்தார், பிடித்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கினார். ஒருவன் பெரிய மீன் ஒன்றை இழுத்தபோது எல்லாரையும்விட அவர்தான் அதிகமாகக் கைதட்டினார். பிற்பகலில் வானம் கறுத்தது. படகோட்டியை அங்கே தெக்கோங் என்பார்கள். எங்கள் தெக்கோங் ஒரு மலாய்க்காரர். மழைக்கு முன் கரையேற வேண்டும் என்று, முன்னால் சுக்கானில் நின்றபடி எஞ்சினை முடுக்கினார். வெயிலில் களைத்துப் போன எல்லாரும் முன்பக்கம் கூரைக்குக் கீழே சுருண்டு படுத்துவிட்டார்கள். லைஃப் ஜாக்கெட்டுகள் தலையணையாகிவிட்டன. காலையில் எல்லாரும் போட்டுத்தான் புறப்பட்டோம். புழுக்கத்தில் ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டோம். அவர் மட்டும் எஞ்சினுக்குப் பக்கத்தில், கடைசிப் பலகையில் உட்கார்ந்து, இறால் நாற்றம் பிடித்திருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் இருந்தேன்.

அவர் எப்படி விழுந்தார் என்பதை யாரும் பார்க்கவில்லை. பிறகு அவரே சொன்னார். கழுவுவதற்குத் தண்ணீர் மொள்ள, கயிறு கட்டிய வாளியைக் கடலில் விட்டிருக்கிறார். படகு ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியாது. வாளி நிறைந்த வேகத்தில் கயிறு அவரை வெடுக்கென்று இழுத்துவிட்டது. கையில் கயிற்றைச் சுற்றியிருந்தார். கத்தினாராம். எஞ்சின் சத்தத்தில் அவருக்கே அவர் குரல் கேட்கவில்லையாம்.

நான் தூங்கிவிட்டேன் என்றுதான் போலீஸில் எழுதிக் கொடுத்தேன். அது பொய்.

நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒருமுறை எழுந்தும் நின்றேன். முதுகு வலித்தது. பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பலகையில் அவர் இல்லை. அதற்குப் பின்னால், நீண்டு போன நுரையில், தூரத்தில் கறுப்பாக ஏதோ ஏறி இறங்கியது. அந்தக் கடலில் மீன் கூண்டுகளுக்கு அடையாளமாகப் பழைய எண்ணெய் டின்களை மிதக்கவிட்டிருப்பார்கள். காலையிலிருந்து அப்படி எத்தனையோ பார்த்திருந்தோம். அதுவும் ஒரு டின் என்று நினைத்தேன். அவர் தெக்கோங்குக்கு அந்தப் பக்கம் போயிருப்பார், கண்ணுக்கு மறைவாக நிற்கிறார் என்றும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. சரியாகச் சொன்னால், சேர்த்து நினைக்கத் தொடங்கினேன், அதற்குள் முதல் தூறல் விழுந்தது. முன்னால் போய்க் கேட்க, படுத்திருந்த ஆறு பேரைத் தாண்டிப் போக வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்.

கரைக்கு அரைமணி நேரம் ஆனது. சாமான்களை மேலே ஏற்றினோம். எல்லாரும் அவரவர் பையை எடுத்தபின் ஒரு பை படகிலேயே கிடந்தது. "இனி சியாப்பா பூஞா?" என்றார் தெக்கோங். இது யாருடையது என்று. அந்தப் பையின்மேல் புதுத் தொப்பி இருந்தது. தெக்கோங் எங்களை விரலால் எண்ணினார். ஏழுபேரை எண்ணி முடித்ததும் கயிற்றை அவிழ்த்தார். மழைக்குள் படகைத் திருப்பினார்.

அவரைக் கண்டுபிடித்தது எங்கள் படகு அல்ல. கூண்டு எடுக்க வந்த ஒரு மலாய் மீனவர். அதுவரை ஒரு மணி நேரத்துக்குமேல் அவர் ஓர் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறார். மீனவர் தூரத்தில் பார்த்து வரும்போதே கை தளர்ந்து அமிழ்ந்துவிட்டார். தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை. அந்த மனிதர் வாயில் வாய் வைத்து ஊதி ஊதி, கரைக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார். பாதி வழியில் இவர் தண்ணீரைக் கக்கி இருமினாராம்.

மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆறு நாள் தொண்டைக்குள் குழாய். நுரையீரலுக்குள் உப்புத் தண்ணீர் போனதால் சளி கட்டிக்கொண்டது, காய்ச்சல் இறங்கவில்லை. கரையேற்றிவிட்டால் பிழைத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் ஆபத்தே என்று டாக்டர் சொன்னார். மூச்சில்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளைக்கு என்ன ஆனது என்பது அவர் எழுந்தால்தான் தெரியும் என்றார். அக்கா தினமும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். நானும் வேலை முடிந்து போவேன். எங்களோடு படகில் இருந்த மற்றவர்கள் ஒருமுறை பழக்கூடையோடு வந்தார்கள்.

குழாயை எடுத்த மறுநாள் என்னை உள்ளே விட்டார்கள். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. குனிந்து கேட்டேன்.

"படகு திரும்பிச்சா?"

"திரும்பிச்சுண்ணே" என்றேன். அது பொய்யில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். வலக்கை நடுங்கியது. நேற்று நடந்தது மறந்துபோகும். ஸ்டோர் பொருள்களின் இடம் மட்டும் மறக்கவில்லை. அப்போது தொடங்கியதுதான் இந்தச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம்.

திரும்பி வந்து சில வாரங்களில் கம்பெனியில் தீ விபத்துப் பயிற்சி வைத்தார்கள். மணி அடித்ததும் எல்லாரும் வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்றோம். ஆபீஸ் பெண் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் வாசித்தாள். எட்டு மாத விடுப்பில் அவர் பெயரை எடுத்திருக்கிறார்கள், திரும்பச் சேர்க்கவில்லை. வாசித்து முடித்து, "ஓக்கே, எல்லாரும் இருக்காங்க" என்றாள். எல்லாரும் உள்ளே போய்விட்டோம்.

அரைமணி நேரம் கழித்து ஸ்டோர் சீட்டுக்காகப் போனால் அவர் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில், கோடு போட்ட அதே கட்டத்துக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஓடினேன்.

"என்னாண்ணே இங்கயே நிக்கிறீங்க?"

"என் பேர வாசிக்கல தம்பி."

"விட்டுப் போயிருக்கும். உள்ள வாங்க."

"எல்லாரும் இருக்காங்கன்னு சொல்லிருச்சு அந்தப் பொண்ணு. நான் கை தூக்குனேன்." நடுங்கும் கையைத் தூக்கிக் காட்டினார். "இப்பிடித் தூக்குனேன்."

நான் ஆபீஸுக்குப் போய் அந்தப் பட்டியலை வாங்கி வந்து, அவர் கண் முன்னால், கடைசி வரியில் பேனாவால் அவர் பெயரை எழுதினேன். வாசித்தும் காட்டினேன். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நான் கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

விடுமுறை நாட்களில் எனக்குப் போன் செய்வார். "தம்பி, கடைக்குப் போறேன்." முக்கால் மணி நேரத்தில் மறுபடி, "வந்துட்டேன்." என் மனைவிக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு சலிப்பு. "ஒங்களுக்கு மட்டும் ஏன் அடிக்கிறாரு? வேற ஆளே இல்லயா?" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. ஐந்துமுறை அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மழையில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். பசாரிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்புக்கு நடந்தே வந்திருந்தார்.

"போன் எடுக்கல நீ. கடைக்குப் போனேன், வந்துட்டேன். அதச் சொல்லத்தான்."

"உள்ள வாங்கண்ணே, ஒரு தே தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இல்ல தம்பி. சொல்லியாச்சு."

திரும்பி நடந்தார். மனைவி ஒரு குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள். அதன்பிறகு அவள் சலித்துக்கொண்டதில்லை.

அவர் இப்போது இல்லை. மூன்று வருடத்துக்குமுன் மழைக்காலத்தில் நுரையீரலில் மறுபடியும் சளி கட்டி, அக்கா வீட்டில் இருக்கும்போது போய்விட்டார். அவர் நுரையீரல் அந்தக் கடலிலிருந்து முழுதாக மீளவே இல்லை. எனக்கு அப்போது சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் எழுந்து எல்லைப் பாலம் கடந்து போய்விட்டு இருட்டியபின் திரும்பும் வாழ்க்கை. அக்கா கூப்பிட்டுச் சொன்னார். "அவன் போன்ல என்னைய விட்டா நாலு நம்பர்தான் இருந்திச்சு தம்பி. நாலு பேருக்கும் அடிச்சுச் சொல்லிட்டேன்" என்றார். நான் போனபோது நாங்கள் நாலு பேரும் அக்கா குடும்பமும் மட்டும் இருந்தோம். மீதி மூவரில் ஒருவர் அந்த மலாய் மீனவர். மெர்சிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அவர்கள் இருவருக்கும் இத்தனை வருடமாகப் பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது.

அதற்கு முன்பு, சிங்கப்பூர் வேலை கிடைத்துக் கம்பெனியை விட்ட கடைசி வாரத்தில் ஒருநாள், வேலை முடிந்து அவரைத் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குக் கூட்டிப் போனேன். சொல்லாமல் போக முடியாது என்று தோன்றிவிட்டது. நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வந்தது. அவர் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடித்தார். நான் தொடவில்லை.

"அண்ணே, அன்னிக்கிப் படகுல நான் தூங்கல" என்றேன்.

"தெரியும்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீலச் சட்டை போட்டிருந்தே. எந்திரிச்சு நின்னே. என்னைய நேராப் பாத்தே. நான் கைய தூக்குனேன். அப்புறம் நீ உக்காந்துட்டே. முன்னுக்குப் போயி சொல்லத்தான் போறேன்னு நெனச்சேன்."

"ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஒன்னத்தான கேப்பாங்க." கொஞ்சம் இருமினார். "பாத்தியா, பாக்கலியான்னு எனக்குத்தான் தெரியல. டின்னுன்னு நெனச்சிருப்பியோன்னும் தோணும். சில நாளைக்கி வேற மாதிரியும் தோணும். நீயா சொன்னாத்தான் தெரியும்னு இருந்தேன்."

ஏழு வருடம். ஏழு வருடமும் அவர் தினமும் என் மேசை ஓரத்தில் வந்து நின்றிருக்கிறார்.

"டின்னுன்னுதான் நெனச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒங்க எடம் காலியா இருந்ததயும் பாத்தேன். ஒரு வார்த்தை போயி கேட்டிருக்கணும். மழை வந்திச்சு. சோம்பலா இருந்திச்சுண்ணே. அவ்ளோதான்."

பக்கத்து மேசையில் பையன்கள் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். கிளாஸில் ஒட்டியிருந்த நுரையை விரலால் வழித்தார்.

"நீ பாத்தேல்ல, அதனாலதான் டின்ன விடாம புடிச்சிருந்தேன்" என்றார். "இல்லன்னா எப்பவோ விட்டிருப்பேன். யாரு தேடி வரப்போறா எனக்கு. இவன் பாத்துட்டான், சொல்லிருப்பான், படகு திரும்பிட்டு இருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு மணி நேரம். நம்மள யாரோ தேடி வர்றாங்கன்னு அப்பிடி நான் இருந்ததே இல்ல தம்பி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி வாய்க்குள்ள போயிட்டே இருந்திச்சு. ஆனா நல்லாத்தான் இருந்திச்சு."

கை கழுவுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். கடையின் பின்பக்கம் குழாயைத் திறந்துவிட்டு, அழுகை அடங்கும்வரை நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது மேசைகள் பாதி காலியாகியிருந்தன. அவர் நாற்காலியைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு, நான் போன வழியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.